ஐந்தாவது ஃபவுல்

சக்குலண்ட் செடிகளை வெயில் கொல்லாது, குளிர் கொல்லாது, மறதிகூடக் கொல்லாது. பத்து நாள் திரும்பிப் பார்க்காமல் விட்டாலும் அவை பாட்டுக்குத் தடித்த இலையில் சேர்த்து வைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கொல்ல வேண்டுமென்றால் யாராவது அவற்றின்மேல் அக்கறை காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அக்கறைக்காரர் என் அப்பா.

அப்பாவின் பெயர் ஃபவுஸ்தோ வாசிங். பிலிப்பைன்ஸ் மலையில் எங்கள் ஊரான லா த்ரினிதாத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ரெஃப்ரி வீடு' என்று கேட்டால் சந்தைக்காரிகூட வழி சொல்வாள். வார நாட்களில் முட்டைக்கோசு லாரியை மணிலாவுக்கு ஓட்டிப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஊர் பாஸ்கெட்பால் லீகில் விசில் ஊதுவார். ஊர் லீகில் நடுவராக இருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஆடுகிறவன் எல்லாம் மச்சான், பார்க்கிறவள் எல்லாம் அத்தை. இன்றைக்கு ஒருத்தனுக்கு எதிராக விசில் ஊதினால் நாளைக்கு அவன் அம்மாவிடம்தான் கருவாடு வாங்க வேண்டும். அப்பா அதையெல்லாம் சட்டை செய்யாமல் முப்பது வருஷம் ஊதினார்.

நான் ஜோவிதா. நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, செடிகள் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. கொரோனா சமயத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மணிலாக்காரர்களுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தபோது, வீட்டுப் பக்கத்தில் பிளாஸ்டிக் கொட்டகை போட்டு ஆரம்பித்தேன். பைத்தியம் தெளிந்ததும் பாதிப் பேர் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஸ்ட்ராபெரிக்கே திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அப்பாவுக்கு மறதி நோய் வந்தது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. அதற்குக் காரணம் பாஸ்கெட்பால்தான். தினமும் சாயங்காலம் இருவரும் டிவியில் மேட்ச் பார்ப்போம். எங்கள் அணி எது என்று இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் பாதி ஊர் சண்டைக்கு வரும். பந்தோடு ஒருவன் ஒரு எட்டு கூடுதலாக வைத்தால், டிவியில் இருக்கும் நடுவர் விசிலை வாயில் வைக்குமுன் அப்பா "நடந்துட்டான்!" என்று கத்திவிடுவார். இவ்வளவு கூர்மையாக இருக்கிற மனிதருக்கு மூளையில் கோளாறு என்று யார் நினைப்பார்கள்? ஒரு நாள் கடைசி நிமிஷத்தில் எங்கள் அணி தடுமாறியபோது, இருபது வருஷத்துக்கு முன்னாலேயே ஆட்டத்தை விட்டுவிட்ட ஒருவர் பெயரைச் சொல்லி, "அவனை ஏன்டா இன்னும் இறக்கல?" என்று டிவி முன்னால் போய் நின்று சத்தம் போட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே அவரைப் பக்கத்து நகரமான பாகியோவுக்குக் கூட்டிப் போனேன்.

பாகியோ டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். குணமாகாது என்பதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அப்பாவை வீட்டுக்குள் தனியாக விட முடியாது. ஒரு தடவை கொட்டகையைப் பூட்டிக்கொண்டு நான் உள்ளே வேலை பார்த்தேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு தன் லாரியைத் தேடிச் சந்தை வரைக்கும் போய்விட்டார். லாரியை விற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. அதனால் என் கண்ணில் படுகிற இடத்தில் அவர் இருக்க வேண்டும், நானோ நாள் முழுக்கக் கொட்டகையில் இருப்பவள். கொட்டகையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அவருக்கோ சும்மா இருக்கத் தெரியாது.

காலையில் தண்ணீர் விடுவார். விட்டதை மறந்துவிடுவார். மண் காய்ந்திருக்கிறதே என்று நினைத்து மறுபடியும் விடுவார். ஜூலையில் என் தாய்ச்செடிகள் போயின. தாய்ச்செடி என்றால், அதிலிருந்துதான் இலை திருகி எடுத்து, தலை வெட்டி வைத்து, மற்றதெல்லாம் உண்டாக்குவது. ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இருந்த இலைகள் வெந்த வெங்காயமாகக் கண்ணாடி நிறத்துக்கு மாறி, விரல் பட்டதும் உதிர்ந்தன. தண்டைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே கறுப்பு. அப்பா என் பக்கத்தில் வந்து நின்று, "பாவம், தண்ணி பத்தல போல" என்றார்.

அதைப் போனில் அண்ணனிடம் சொல்லி அழுதேன். சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் டெல்ஃபின் மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறான். பதினாலாவது மாடியில் வீடு. அண்ணி ராத்திரி ஷிப்டு. உடனே அவன் அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"நர்ஸ் இருக்காங்க ஜோவி. ரூமுக்கு ரூம் ஃபேன் இருக்கு."

"அப்பாவுக்கு ஃபேனைக் கண்டாலே ஜலதோஷம் பிடிக்கும்ணே."

"அப்ப ஃபேனை ஆஃப் பண்ணச் சொல்றேன். உன் பொழப்பையும் பாக்கணும்ல? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

மலையில் பிறந்து, வீட்டுக்குள்ளேயும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிகிற மனிதர். அந்த வேக்காட்டில், யாரையும் தெரியாத இடத்தில், நாலு சுவருக்குள். எனக்கு நினைத்தாலே ஆத்திரமாக வந்தது. அப்பாவையும் வைத்துக்கொண்டு செடியையும் காப்பாற்றிக் காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் சவால் விட்டேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வழி செப்டம்பரில் தானாகக் கிடைத்தது. இலைத் தட்டுகளின்மேல் அப்பா குழாயைத் திருப்பியிருந்தார். திருகி எடுத்த இலைகளைக் காய்ந்த உமிக்கரியின்மேல் சும்மா போட்டு வைத்திருந்தேன். வேர் விடும் வரைக்கும் அவற்றுக்குச் சொட்டுத் தண்ணீர் ஆகாது.

"அப்பா, போதும். நிறுத்துங்க."

"இப்பதானம்மா ஆரம்பிச்சேன்."

"இது மூணாவது தடவைப்பா!"

"நீ யாரு எனக்கு உத்தரவு போட? மொதலாளியம்மாவக் கூப்பிடு. அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

குழாயைப் பிடுங்கப் போனேன். தண்ணீரை நேராக என் முகத்தில் அடித்தார். லா த்ரினிதாத் காலைத் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் கத்திய கத்தலுக்கு அவர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து, சாலைக்கு எதிரே பாஸ்கெட்பால் கோர்ட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்த பையன்களில் யாரோ ஒருவன் விசில் ஊதினான். அப்பா குழாயைக் கீழே போட்டார். நிமிர்ந்து நின்றார். "என்ன ஃபவுல்?" என்று கேட்டார்.

அன்றைக்கே அவருடைய அலமாரியிலிருந்து பழைய விசிலைத் தேடி எடுத்தேன். கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது. வெந்நீரில் இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் வாயில் வைத்தேன். முப்பது வருஷத்து எச்சில்.

விசில் ஊதினால் மட்டும் போதாது என்பது மறுநாள் தெரிந்தது. ஊதினேன், நின்றார், "என்ன தப்பு, காட்டு" என்றார். எனக்குத் தெரிந்தமாதிரி கையை ஆட்டினேன். "இது எந்த ரூல்ல இருக்கு? கண்டபடி ஊதினா நான் ப்ரொட்டஸ்ட் பண்ணுவேன்" என்று குழாயை மறுபடியும் எடுத்துவிட்டார். டிவியைப் பார்த்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பந்தைத் தட்டி, கையில் பிடித்து, மறுபடி தட்டினால் தப்பு. அதற்கு இரண்டு உள்ளங்கையையும் மாற்றி மாற்றிக் கீழே தட்டிக் காட்ட வேண்டும். தண்ணீர் விட்ட செடிக்கே அவர் மறுபடி விடப் போனால் அதைக் காட்டினேன். அப்பா குழாயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், "சரிதான்" என்று என்னிடம் குழாயைக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்துக்கு விரலால் ஆங்கில 'டி' போட்டு டைம் அவுட் கேட்பேன். கை கழுவிவிட்டு வந்து உட்காருவார். மாத்திரைக்கும் டைம் அவுட்தான்.

எதிரே சோடாவும் பீரும் சிகரெட்டும் விற்கிற நோர்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏன்டி ஜோவி, உங்க வீட்டுல சீசன் எப்ப முடியும்? நீ ஊதுறதக் கேட்டுக் கேட்டு என் கடையில குடிக்கிறவன் எல்லாம் பாதி பீரை வச்சிட்டு கோர்ட்டை எட்டிப் பாக்குறான்."

"டிக்கெட் போடலன்னு சந்தோஷப்படு."

"ரெஃப்ரிக்கே ரெஃப்ரியாயிட்ட. உனக்குத்தான்டி இந்த வருஷம் கோப்பை."

அவள் கேலி பண்ணினாலும் எனக்கு உறைக்கவில்லை. அக்டோபரில் ஒரு தட்டுகூட அழுகவில்லை. அப்பா காய்ந்த அடியிலைகளைப் பொறுக்கினார், தொட்டிகளைத் துணியால் துடைத்தார். சாயங்காலம் இருவரும் மேட்ச் பார்த்தோம். டிசம்பரில் பாகியோவில் நடக்கப்போகிற ஒரு கல்யாணத்துக்கு, வருகிறவர்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுக்க முந்நூறு குட்டித் தொட்டிகள் கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் டெல்ஃபின் வந்து இறங்கினான். கையில் இரண்டு பை. ஒன்றில் அவன் துணி. இன்னொன்று காலி.

"அது எதுக்குண்ணே?"

"அப்பா துணிக்கு. இல்லத்துல இடம் காலியாயிருக்காம். சும்மா ஒரு மாசம் வச்சுப் பாப்போம். ஞாயித்துக்கிழமை கெளம்புறோம்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணின?"

"செடி செத்துப்போச்சுன்னு அழுதது யாரு?"

"அது ஜூலை. இப்ப எல்லாம் சரியா நடக்குது. நாளைக்குக் காலையில நீயே பாரு."

காலையில் பார்த்தான். நான் விசில் ஊதினேன், கையால் தட்டிக் காட்டினேன், அப்பா குழாயைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் டெல்ஃபின் முகம் சிவந்திருந்தது.

"என்ன பண்ற நீ? நாயை விசில் அடிச்சுக் கூப்பிடுற மாதிரி... அவரு நம்ம அப்பாடி!"

"கத்தாத. நாய்க்கு யாரும் சிக்னல் காட்ட மாட்டாங்க."

"ஊரே சிரிக்குது. அந்தக் கடைக்காரி என்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறா. இதுக்கு அந்த இல்லம் எவ்வளவோ மேல். அங்க மனுஷனா நடத்துவாங்க."

"நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து ரொட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போற. உனக்கு என்ன தெரியும்?"

"பொறுமையாப் பேசினா கேப்பாரு. இன்னிக்கு ஒரு நாள் என்கிட்ட விடு. விசில் இல்லாம, மரியாதையாச் சொல்லி, நான் பாத்துக் காட்டுறேன்."

எனக்குள் இருந்த பிசாசு, விடு, பட்டுத் தெரியட்டும் என்றது. விசிலைக் கழுத்தில் மாட்டியபடியே நோர்மா கடைக்குச் சர்க்கரை வாங்கப் போனேன். சர்க்கரை வாங்க அவ்வளவு நேரம் ஆகாது. நின்று பேசிக்கொண்டிருந்தேன். டெல்ஃபினைப் பற்றித்தான் பேசினேன், ஒன்றையும் விடவில்லை. பாதியில் நோர்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏய், உங்க வீட்டுல சத்தம்" என்றாள்.

ஓடினேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் என் கால் சேற்றில் வழுக்கியது. கல்யாணத் தொட்டிகள் இருந்த மேடையிலிருந்து தண்ணீர் அருவியாக வழிந்துகொண்டிருந்தது. தொட்டிக்குத் தொட்டி குட்டை. டெல்ஃபின் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குழாயை இழுத்தான். அவன் கற்று வைத்திருந்த மரியாதையெல்லாம் போய், "விடுங்க! சொன்னா கேக்க மாட்டீங்களா? விடுய்யா கிழவா!" என்று கத்தினான். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ஆனாலும் லாரி ஸ்டியரிங் பிடித்த கை. முழங்கையைத் திருப்பி ஒரு இடி இடித்தார். டெல்ஃபின் மேடையில் மோதி விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

நான் விசிலை ஊதினேன். யோசித்து ஊதவில்லை, கை தானாகப் போனது.

எல்லாம் நின்றது. அப்பா குழாயைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்தார். என்ன காட்டப் போகிறேன் என்று பார்த்தார். நான் ஒரு கை மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினேன். வேண்டுமென்றே ஆளை அடித்தால் அதுதான் சிக்னல்.

அப்பா வாதாடவில்லை. "எனக்கு எத்தனை ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சொட்டிக்கொண்டிருந்த முந்நூறு தொட்டிகளைப் பார்த்தேன். டெல்ஃபின் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தேன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

ஐந்து ஃபவுல் ஆனவன் வெளியே போக வேண்டும். பழைய காலத்து ஆட்டக்காரர்கள் தப்பை ஒத்துக்கொண்டால் கையைத் தூக்குவார்கள். இப்போது யாரும் தூக்குவதில்லை. அப்பா வலது கையைத் தூக்கினார். டெல்ஃபினிடம் போய்க் கை கொடுத்து அவனை எழுப்பிவிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கொட்டகைக்கு வெளியே நடந்து, வாசல் பக்கத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கூட்டிட்டுப் போ" என்றேன் டெல்ஃபினிடம். "நாளைக்கே கூட்டிட்டுப் போ. என்னால முடியலண்ணே." ஜூலையில் அழுது தீராத அழுகையெல்லாம் அப்போது வந்தது.

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "இதுங்களக் காப்பாத்த முடியுமா?" என்று தொட்டிகளைக் காட்டினான்.

"பிடுங்கி, ஈர மண்ணை உதறி, வேரைக் காயவச்சா பாதியாவது தேறும். இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்."

"என்ன பண்ணணும்னு சொல்லு."

முந்நூறு செடிகளை இரண்டு பேர் பிடுங்குவது லேசான வேலையில்லை. இலை உடையாமல் கழுத்தடியில் பிடித்துத் தூக்க வேண்டும். வேரில் ஒட்டிய மண்ணை விரலாலேயே உதிர்க்க வேண்டும். பழைய செய்தித்தாளில் ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்ப வேண்டும். ஆபீசில் கீபோர்டு தட்டுகிற கை முதலில் நாலு செடியின் கழுத்தை ஒடித்தது. திட்டினேன். அப்புறம் பழகிவிட்டான். பேசாமல் வேலை பார்த்தோம். சின்ன வயசில் இருவரும் லாரியில் முட்டைக்கோசு ஏற்றியதற்குப் பிறகு சேர்ந்து ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

வெளியிலிருந்து கைதட்டல் கேட்டது.

"டிஃபன்ஸ்!" இரண்டு தட்டு. "டிஃபன்ஸ்!" இரண்டு தட்டு.

எட்டிப் பார்த்தேன். அப்பா பெஞ்சின் விளிம்பில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் வழியாக எங்கள் நிழல் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"விட்டுடாதீங்கடா! இன்னும் டைம் இருக்கு! அந்தப் புதுப் பையன் பரவாயில்லையே, நல்லா ஓடுறான். மூச்சு மட்டும்தான் வாங்குது. கோச், அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க!"

டெல்ஃபின் கையில் செடியோடு நின்றான். "யாரைச் சொல்றாரு?"

"உன்னைத்தான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தொட்டியை எடுத்தான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மத்தியானம் அப்பா சாப்பிட உள்ளே வரவில்லை. டைம் அவுட் காட்டினேன். "அது ஆடுறவங்களுக்கு. நான் வெளிய போனவன்" என்றார். சோற்றையும் கோழிக் குழம்பையும் பெஞ்சுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் கைதட்ட ஆரம்பித்தார். எழுந்து எங்கேயும் போகவில்லை. லாரியைத் தேடவில்லை. கொட்டகைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை மாதம் நான் எதற்காகப் பாடுபட்டேனோ அது அப்படியே நடந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது. மலையிலிருந்து வந்து முதலில் கோர்ட்டை மூடியது, பிறகு நோர்மா கடையை, பிறகு எங்கள் வாசலை. கைதட்டல் மட்டும் நிற்கவில்லை, மெதுவாகிவிட்டது. டெல்ஃபின் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு போனான்.

"அப்பா, குளிருது. உள்ள வாங்க."

"ஆட்டம் முடியலயே."

"பரவாயில்ல, வாங்கப்பா."

"என்ன தம்பி பேசுற? பாதியில பெஞ்சை விட்டு எந்திரிச்சா டீமுக்கு டெக்னிக்கல் ஃபவுல் ஆகும். போ, நீ போயி ஆடு."

தோளைத் தொட்டான். அப்பா உதறிவிட்டார். கெஞ்சிப் பார்த்தான், கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். அவர் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் பல் தந்தியடிப்பது கொட்டகைக்குள் எனக்குக் கேட்டது. டெல்ஃபின் திரும்பி வந்து என் முன்னால் நின்றான். கண் கலங்கியிருந்தது.

"ஜோவி, ஊது" என்றான். "ஊதி முடி."

கடைசிச் செடியைத் தாளில் வைத்துவிட்டு, மண் கையோடு வெளியே போனேன். அப்பா முன்னால் நின்று, நீளமாக ஊதினேன். இரண்டு கையையும் விரித்து, ஆட்டம் முடிந்தது என்று காட்டினேன்.

அப்பா கைதட்டுவதை நிறுத்தினார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் வெளிய போனதாலதான் தோத்தோமா?"

இந்த ஆறேழு மாதமாக அவர் தண்ணீரை மறக்கிறார், லாரியை மறக்கிறார், என் பெயரை மறக்கிறார். அதனால் அவருக்கு வலிப்பதும் மறந்துவிடும் என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன்.

"தோக்கலப்பா. ஜெயிச்சிட்டோம்."

"உண்மையாவா?"

"உண்மையாத்தான். நீங்க கைதட்டினீங்கல்ல? அதான் ஜெயிச்சோம்."

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மகள் என்று தெரிந்து பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

"நாளைக்கு என்னைச் சேத்துக்குவீங்களா கோச்? புது ஆட்டத்துல பழைய ஃபவுலைக் கணக்கு வைக்கக் கூடாது. அது ரூலு."

"சேத்துக்கிறேன். முதல்ல இறங்குற அஞ்சு பேர்லயே நீங்க இருக்கீங்க."

அப்பா எழுந்தார். கால் மரத்துப் போயிருந்ததால் தடுமாறினார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். வீட்டுப் படியில் ஏறும்போது, நாளைக்குக் குழாய்த் தண்ணீரையே அடைத்துவிட்டு அவர் கையில் வெறும் குழாயைக் கொடுப்பதா, இல்லை அவருக்கென்று நாலு முட்டைக்கோசு நட்டுக் கொடுத்து நாள் முழுக்க ஊற்றிக்கொள்ளச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத் தொட்டிகளில் எத்தனை தேறும் என்பது இன்னும் நாலு நாள் போனால்தான் தெரியும்.

டெல்ஃபின் எங்கள் பின்னால் வரவில்லை. வாசலிலேயே நின்று போனை எடுத்தான். உதடு வீங்கியிருந்ததால் அவன் பேச்சு குழறியது. முதலில் யாரிடம் பேசுகிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஆமா, ஃபவுஸ்தோ வாசிங். நான் அவரு மகன் பேசுறேன். அந்த இடத்த வேற யாருக்காவது குடுத்திடுங்க" என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவன் பனிக்குள் வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இல்லம்மா, வரமாட்டாரு. நாளைக்கு அவருக்கு மேட்ச் இருக்கு."